தங்கவயலுக்கு ஒரு நீர்ப் பரிசோதனைச் சாலை

ஆடி மாதத்து மேல்காற்று எழும்பிவிட்டால், மாரிக்குப்பத்திலும் மைசூர் மைன்ஸிலும் சாம்பியன் ரீஃபிலும் உள்ள லைன் வீடுகளில், சோற்றுத் தட்டின்மீதும் துணிக்கொடியின்மீதும் மெல்லிய வெண்தூள் வந்து படிவது கோலார் தங்கவயல்வாசிகளுக்குப் புதிய விஷயமன்று. பூமிக்குள்ளிருந்து பாறையாக ஏறிவந்து, ஆலைகளில் நுண்பொடியாக அரைபட்டு, உள்ளிருந்த தங்கத்தை ரசாயனக் கரைசலுக்குப் பறிகொடுத்த பின், கழிவென்று ஒதுக்கிக் கொட்டப்பட்ட மண்தான் அந்தத் தூள். ஊர் மக்கள் அந்தக் குவியலைச் சயனைடு மேடு என்பார்கள். குழந்தைகள் அதில் சறுக்கி விளையாடியிருக்கிறார்கள்; சினிமாக்காரர்கள் அதன் பாலைவனத் தோற்றத்துக்கு ஆசைப்பட்டு வந்து சண்டைக்காட்சிகளைப் படமெடுத்துப் போயிருக்கிறார்கள்; மழை வந்தால் அதன் சரிவுகளில் ஓடைகள் கீறி இறங்கும். அந்த ஓடை நீர் எங்கே போய்ச் சேருகிறது, எதைச் சுமந்து செல்கிறது என்ற கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

இந்தக் கேள்விக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் நிலத்திலுள்ள 13 மேடுகளை, அதாவது ஏறத்தாழ 1,003 ஏக்கரில் குவிந்து கிடக்கும் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண்ணை, ஏலம் விடுவதற்கு மத்திய சர்க்கார் கேட்ட சம்மதத்தைக் கர்நாடக மந்திரிசபை 2024 ஜூன் மாதத்தில் அளித்துவிட்டது. அந்த மண்ணில் இன்னும் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் எஞ்சியிருக்கிறது. தங்கத்தின் விலை ஏறியிருக்கும் இக்காலத்தில் அந்த எச்சமும் லாபம் தரும் என்பது கணக்கு. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட நாள் முதல் வேலையின்றித் தவித்து, விடியுமுன்பே ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று கூலிவேலை செய்து இரவில் திரும்பும் ஓர் ஊருக்கு இது நல்ல செய்தியே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நெடுங்காலமாக ஓரளவு அடங்கிக் கிடக்கும் மண்ணைக் கிளறி, மீண்டும் நனைத்து, மீண்டும் சயனைடு கலந்து கரைக்கும் ஒரு காரியத்தைத் தொடங்கும் முன்னர், சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரிலும் ஏரிகளிலும் இன்று என்ன இருக்கிறது என்பதை நுட்பமாக அளந்து எழுதி வைத்தாக வேண்டும். அதற்குரிய பரிசோதனைச் சாலை தங்கவயலிலேயே நிறுவப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மேடுகள் உண்டான விதத்தைச் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே கால்வைத்த காலத்தில், பாறையை இடித்துப் பொடியாக்கிப் பாதரசத்தோடு சேர்த்துத் தங்கத்தைப் பிடிக்கும் பழைய முறைதான் உலகெங்கும் வழக்கில் இருந்தது. 1887இல் கிளாஸ்கோ நகரில் மக்கார்தர் என்பவரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சேர்ந்து, சயனைடு உப்பின் நீர்த்த கரைசலில் காற்றின் பிராணவாயு துணைநிற்கத் தங்கம் கரைந்துவிடும் என்ற உண்மையைத் தொழில்முறையாக்கி உரிமை பெற்றார்கள். பாதரசத்துக்குத் தப்பிய நுண்தங்கமும் இதனால் வசப்பட்டது. கரைசலில் துத்தநாகத்தைச் சேர்த்தால் கரைந்த தங்கம் மீண்டும் திடப்பொருளாக வீழ்ந்தது. இந்த முறை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தங்கவயலுக்கும் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னளவில் தங்கத்தை இப்பூமி ஈந்ததென்றால், அதில் சயனைடின் பங்கு சாமானியமன்று. தங்கம் லண்டனுக்கும் பின்னாளில் தில்லிக்கும் போயிற்று. மண் மட்டும், அதை வெட்டியெடுத்த வடஆர்க்காட்டுத் தமிழரின் பேரப்பிள்ளைகளோடு, இங்கேயே தங்கிவிட்டது.

சயனைடு என்ற பெயர் பயங்கரமானது. ஆகவே ஜனங்களின் அச்சமும் அந்தப் பெயரையே பற்றி நிற்கிறது. விஷயம் உள்ளபடி அத்தனை எளிதன்று. தனித்த நிலையிலுள்ள சயனைடு நீண்ட ஆயுளுடையதன்று. நீரின் காரத்தன்மை குறைந்தால் அது ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும், வெயிலும் நுண்ணுயிர்களும் அதைச் சிதைத்துவிடும். ஆனால் இரும்போடு பிணைந்துவிட்ட சயனைடு அப்படிப்பட்டதன்று. அது பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, சூரிய ஒளி பட்டால் மெல்ல மெல்லத் தன் விஷத்தை விடுவிக்கும். இதைவிடக் கவனத்துக்குரிய வேறொரு விருந்தாளியும் அந்த மண்ணில் உண்டு. தங்கவயலின் மேற்குப் பகுதி ரீஃப்களில், அதாவது தங்கம் தாங்கிய பாறை நரம்புகளில், தங்கத்தோடு கூடவே கந்தகமும் இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த கனிமங்கள் உள்ளன. பாறையின் வயிற்றுக்குள் கிடந்தவரையில் எவருக்கும் தீங்கு செய்யாத அக்கனிமங்கள், பொடியாகி வெயிலையும் மழையையும் கண்டபோது துருவேறத் தொடங்குகின்றன; துருவேறினால், நம் சித்த வைத்தியர்கள் பாஷாணமென்று நன்கறிந்த அந்த ஆர்சனிக் நீரில் கரைய வழி பிறக்கிறது. சயனைடு காலத்தால் அழியும்; ஆர்சனிக் ஒரு தனிமமாதலால் அதற்கு அழிவென்பதே கிடையாது.

தங்கவயலின் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பறைசாற்றுவதும், கெடவில்லை என்று உறுதி கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டில் எதைச் சொல்வதற்கும் அளந்தறிந்த பிரமாணம் வேண்டும். அந்த அளவையோ மிகமிகச் சூட்சுமமானது. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனமும் நம் நாட்டுத் தர நிர்ணயமும் ஒப்புக்கொண்ட வரம்பு. லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம் கரைந்திருந்தால் அந்த வரம்பு எட்டப்பட்டுவிடும். அத்தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். நாவுக்கு ருசியாகவே இருக்கும். காய்ச்சினாலும் ஆர்சனிக் போகாது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். சயனைடுக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். கிராமத்துப் பெண்கள் கையில் ஜல்ஜீவன் திட்டத்தார் கொடுத்திருக்கும் பரிசோதனைப் பெட்டி ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் குளோரினையும் நிறம் பார்த்துச் சொல்லுவதற்கு மிகவும் உபகாரமானதே; ஆனால் இத்தகைய நுண்மாசுகளின் உலகத்துக்குள் அது நுழையமாட்டாது.

நுழைய வல்ல கருவிகளின் சரித்திரம் சுவையானது. 1832இல் இங்கிலாந்தில் ஒரு கொலை வழக்கில், பிரித்துக் காட்டிய ஆர்சனிக், ஜூரிகளின் கண்ணுக்கு எட்டுமுன் நிறம் கெட்டுப்போனதால், குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையாகிப் போனான். அந்தப் பரிசோதனையைச் செய்த ஜேம்ஸ் மார்ஷ் மனம் பொறாதவராய் 1836இல் ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்தார். ஆர்சனிக்கை வாயுவாக்கி, சூடான கண்ணாடிக் குழாயில் செலுத்தி, கரிய கண்ணாடிபோல் படியச் செய்யும் அந்த உபாயத்தின் வழித்தோன்றல்களே இன்றும் வங்காளத்துக் கிராமங்களில் கிணற்று நீரைச் சோதிக்கின்றன. 1955இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்ற விஞ்ஞானி, ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய ஒளியை மட்டும் விழுங்கும் என்ற தத்துவத்தைக் கருவியாக்கினார். பின்னர் 1980களில், ஆர்கான் வாயுவைச் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான பிளாஸ்மாவாக்கி, அதில் நீர்த்துளியைத் தெளித்து, சிதறும் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி வந்தது. ரசாயனிகள் ஐ.சி.பி.எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கும் அக்கருவி, லிட்டருக்கு மைக்ரோகிராமின் சிறு பின்னங்களையும் காட்டவல்லது.

கருவியை வாங்கி வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தாம் நம் நாட்டில் அதிகம். உத்தியோகஸ்தர்கள் திறப்புவிழாவுக்கு வருகிறார்கள், கருவிக்கு மாலை போடப்படுகிறது, ஆறு மாதத்துக்குப் பிறகு ஆர்கான் சிலிண்டர் வாங்கப் பணமில்லாமல் அது துணி போர்த்திக் கிடக்கிறது. உண்மையில் நுண்ணளவைப் பரிசோதனையின் பாதி உழைப்பு கருவிக்கு வெளியே, கிணற்றடியில் நடக்கிறது. ஆர்சனிக்குக்காக எடுக்கும் தண்ணீரில் தூய நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்க்க வேண்டும். இல்லையேல் கரைந்திருக்கும் இரும்பு வீழ்படிவாகி ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கருவியோ ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். சயனைடுக்காக எடுக்கும் தண்ணீரிலோ இதற்கு நேர்மாறாகக் காரம் சேர்த்துக் குளிரிலும் இருட்டிலும் வைக்க வேண்டும். அதில் தவறி அமிலத்தைச் சேர்த்துவிட்டால் சயனைடு வாயுவாகி வெளியேறிவிடும், அதை முகர்ந்தவனுக்கும் ஆபத்து. ஆகவே ஒரே கிணற்றுக்கு ஒரே பாட்டில் போதாது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ஒரே கேனில் தண்ணீரைப் பிடித்து, நான்கு நாள் வெயிலில் வைத்திருந்து, தொலைதூர ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வாங்கும் அறிக்கைக்கு அது அச்சடிக்கப்பட்ட காகிதத்தின் விலைகூடக் கிடையாது.

இவ்வூர்த் தண்ணீருக்கென்றே உள்ள சிக்கல்களும் சில உண்டு. முறை வகுத்தல் என்ற காரியம் தொடங்குவதே இங்கேதான். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். உப்பிலுள்ள குளோரின் அணு கருவிக்குள்ளிருக்கும் ஆர்கான் அணுவோடு ஜோடி சேர்ந்தால், அந்த ஜோடியின் எடை 75. ஆர்சனிக் அணுவின் எடையும் 75. எச்சரிக்கையற்ற ரசாயனி வெறும் உப்பைப் பார்த்துவிட்டு ஆர்சனிக் என்று அலறிவிடக்கூடும். ஹீலியம் வாயுவின் வழியே செலுத்தி அந்தப் போலி ஜோடிகளை வடிகட்டும் உபாயம் இருக்கிறது. ஆனால் இவ்வூர் நீரின் உப்பளவுக்கு ஏற்ப அதைச் சீர்செய்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறே, கந்தகக் கனிமமுள்ள பாறையைச் சயனைடில் கரைத்த இடங்களில் தயோசயனேட் என்ற மற்றொரு பொருள் உண்டாகிவிடும். சயனைடைக் காட்டும் அதே நிறத்தை இதுவும் காட்டும். சல்ஃபைடும் குறுக்கே நிற்கும். இவற்றின் குறுக்கீட்டை முதலில் நீக்கிய பிறகே அளக்க வேண்டும். தனித்த சயனைடு எவ்வளவு, இலகுவாகப் பிரியும் சேர்மங்களிலுள்ளது எவ்வளவு, இரும்போடு இறுகியது எவ்வளவு என்று மூன்றாகப் பகுத்துச் சொல்லாத அறிக்கை, மேட்டின் அடிவாரத்திலிருக்கும் குடும்பத்துக்கு எந்த வழியையும் காட்டாது. ஒரு தேசத்தின் பாடப்புத்தக முறையை மற்றொரு தேசத்தின் தண்ணீருக்கு அப்படியே பிரயோகிக்க முடியாதென்பதற்கு இவை போதும்.

அறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் மூன்றெழுத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பி.டி.எல். என்று போட்டிருந்தால், அந்தப் பொருள் கருவியின் காணும் எல்லைக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். அந்த எல்லை எது என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். 50 மைக்ரோகிராமுக்குக் கீழே காணமாட்டாத ஒரு முறையால் சோதித்துவிட்டு, 10 மைக்ரோகிராம் வரம்புள்ள ஆர்சனிக்குக்கு எதிரே பி.டி.எல். என்று எழுதிக் கொடுப்பது, பார்வையற்ற ஒரு காவலாளி திருடனைக் காணவில்லை என்று வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமானம். வாசகர் கையில் எப்போதாவது ஒரு தண்ணீர் அறிக்கை வந்து சேருமானால், முதலில் அந்த எல்லை எண்ணைத் தேடிப் பார்க்கட்டும். அது இல்லையென்றால் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துக் கேட்கட்டும்.

தேடாத பொருள் அகப்படாது என்பதற்கு நம் அண்டை தேசம் கொடுத்த விலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குளத்து நீரால் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவிக் குழந்தைகள் மாண்டதைக் கண்டு, 1970களிலிருந்து யூனிசெஃப் முதலான ஸ்தாபனங்கள் வங்காள தேசமெங்கும் குழாய்க் கிணறுகளை இறக்கின. நோக்கம் புனிதமானது, பலனும் ஒருவகையில் கிடைத்தது. ஆனால் அக்கிணறுகளில் பல, ஆர்சனிக் கரைந்த நிலத்தடி நீரையே மேலே கொண்டுவந்தன. எல்லைக்கு இப்பால் மேற்கு வங்காளத்தில், 1983இல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, உள்ளங்கையும் பாதமும் தடித்துக் கறுத்த நோயாளிகளைக் கண்டு, நோய் தண்ணீரிலிருந்து வருகிறது என்பதை வெளிப்படுத்தினார். ஜாதவ்பூர் சர்வகலாசாலையின் தீபங்கர் சக்கரவர்த்தி 1988 முதல் ஆயிரமாயிரம் நீர் மாதிரிகளைத் தம் ஆய்வுக்கூடத்தில் அளந்து, சர்க்கார் கேட்க விரும்பாத உண்மையை உரக்கச் சொல்லிவந்தார். இவ்வளவுக்கும் பிறகு, 1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வுத் துறையினர் வங்காள தேசத்துக் கிணற்று நீரை எடுத்துச் சென்று பல தனிமங்களுக்குச் சோதித்தார்கள். அந்தப் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. அறிக்கையைப் பார்த்தவர்கள் தண்ணீர் நல்லதென்றே எண்ணினார்கள். நோயுற்றவர்களின் சார்பில் ஒருவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரையில் சென்று, 2006இல் தோற்றது. ஆய்வாளருக்கும் அந்தக் கிராமவாசிக்கும் இடையே சட்டம் ஒப்புக்கொள்ளும் கடமைத் தொடர்பு இல்லை என்று நீதிபதிகள் கூறிவிட்டார்கள். சட்டத்தின் தீர்ப்பு அதுவாக இருக்கலாம். ஆனால் எதைச் சோதிப்பது என்ற பட்டியலை, அத்தண்ணீரைக் குடிப்பவர்களையும் நிலத்தின் சரித்திரத்தையும் அறியாத தூரதேசத்தார் எழுதினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி தேவையில்லை. தங்கவயலின் பட்டியலைத் தங்கவயலை அறிந்தவர்கள் எழுத வேண்டும்: ஆர்சனிக், சயனைடின் மூன்று வடிவங்கள், தயோசயனேட், பழைய முறையின் எச்சமாகிய பாதரசம், துத்தநாகம், ஈயம் என்று அது தொடங்கும்.

இந்த நுட்பமெல்லாம் இவ்வூருக்கு எட்டாதது என்று நினைப்பவர்கள் இவ்வூரின் பெருமையை மறந்தவர்கள். சுரங்கம் நடந்த காலமெல்லாம் இங்கே தங்கப் பரிசோதனைச் சாலைகள் நடந்துவந்தன. டன் பாறையில் சில கிராம்தான் தங்கம். அந்தப் பாறையின் ஒரு பிடிப் பொடியை ஈயத்தோடு உருக்கி, எலும்புச் சாம்பற் கிண்ணத்தில் புடமிட்டு, எஞ்சிய மணியை நைட்ரிக் அமிலத்தில் கழுவி, மூச்சுக்காற்றுப் படாத தராசில் நிறுத்தி, பத்து லட்சத்தில் ஒரு பங்கென்று அன்றாடம் கணக்கு எழுதியவர்கள் இங்கே இருந்தார்கள். எந்தத் திசையில் வெட்டுவது என்பதையும் எங்கே நிறுத்துவது என்பதையும் அந்தக் கணக்குகளே நிர்ணயித்தன. தங்கம் வரும் இடத்தில் அளவை பிழைபட்டால் கம்பெனிக்கு நஷ்டம். ஆகவே அந்த அளவைக்கு எந்நாளும் பணமும் ஆளும் குறைவின்றிக் கிடைத்தன. மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லாத தங்கத்தை இன்று அவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டு ஏலத்துக்கு விலை கூறுகிறவர்கள், அதே மண்ணிலிருந்து நீருக்கு இறங்கக்கூடியதை அளப்பதற்கு மாத்திரம் செலவைக் காரணம் காட்டுவது நியாயமாகுமா?

மற்றொரு பெருமை உலகறிந்தது. 1965இல், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏழாயிரம் அடிக்கும் கீழே, டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் நகரங்களிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து, அண்டவெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறப்பிக்கும் நியூட்ரினோ என்னும் பொருளின் தடத்தைக் கண்டார்கள். அநேகமாக எதிலும் மோதாமல் பூமியையே ஊடுருவிச் செல்லும் அந்தப் பொருளின் விரல்விட்டு எண்ணத்தக்க சில தடங்களுக்காக மாதக்கணக்கில் இருட்டில் கருவிகளைக் காவல் வைத்திருந்தார்கள். அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்காவின் மற்றொரு தங்கச் சுரங்கத்தில் அமெரிக்கர்களும் அதைக் கண்டார்கள். அக்கருவிகளைக் கீழே இறக்கியவர்களும், பாறையைக் குடைந்து கூடம் அமைத்தவர்களும், விஞ்ஞானிகளைக் கூண்டில் ஏற்றி இறக்கியவர்களும் இங்குள்ள லைன் வீட்டுத் தொழிலாளர்களே. மிக அரிதாகவே அகப்படும் பொருளைப் பிடிப்பதற்கு இடம் கொடுத்த ஊர், தன் குழாய் நீரிலுள்ள பொருளின் பெயரை அறிவதற்குப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது விதியின் விளையாட்டன்று, நம் அலட்சியம்.

ஆட்சேபங்கள் எழும். ஜனங்களிடம் எண்களைச் சொன்னால் பீதி பரவும் என்பார்கள். பீதி ஏற்கெனவே பரவியிருக்கிறது. சயனைடு மேட்டுக் காற்றால் இன்ன வியாதி, அந்தக் கிணற்றால் இன்ன வியாதி என்ற பேச்சு தேநீர்க்கடைகள்தோறும் உண்டு. எண் இல்லாத இடத்தில்தான் வதந்திக்கு இடம். செலவு அதிகம் என்பார்கள். பிளாஸ்மாக் கருவி கோடி ரூபாய்க் கணக்கில் விலையாகும் என்பது மெய். ஆயினும் தொடக்கத்திலேயே அது வேண்டியதில்லை. ஆர்சனிக்கை வாயுவாக்கி அளக்கும் அணு உறிஞ்சல் கருவியும், நிறமளக்கும் கருவியும், வடிப்புச் சாதனங்களும், தூய அமிலங்களும், எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல சம்பளத்தில் நான்கைந்து ரசாயனிகளும் இருந்தால் காரியம் தொடங்கிவிடும். தங்கமே இதற்கு உதவிக்கு வரக்கூடும் என்பது ஒரு வேடிக்கை: சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழுவினர், தங்கத்தின் மீநுண் துகள்கள் கலந்த செந்நிற நீர் எண்டோசல்ஃபான் என்னும் பூச்சிமருந்தின் சிறு அளவு பட்டாலே நிறம் மாறுவதை 2003இல் காட்டினார்கள்.

எல்லா வீட்டிலும் ஃபில்டரும் தெருமுனையில் ஐந்து ரூபாய்ச் சுத்த நீர் நிலையமும் வந்துவிட்ட பிறகு இந்தக் கவலை எதற்கு என்போரும் உண்டு. அந்த இயந்திரங்களின் சவ்வு பல உப்புகளைத் தடுப்பது உண்மை. ஆனால் ஆர்சனிக்கின் ஒரு வடிவம் மின்னூட்டமின்றி நீரில் கரைந்திருப்பதால் சவ்வை எளிதில் கடந்துவிடும். இயந்திரத்துக்குள் போகும் நீரையும் வெளிவரும் நீரையும் அளக்காமல் இயந்திரத்தை நம்புவது பக்தியே அன்றி விஞ்ஞானம் அன்று.

மேடுகளோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கக் கம்பெனியார் பாலாற்றின்மீதுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வடிகட்டிய நீரைக் குழாய் வழியே தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பாலாறு வறண்ட பிறகு ஊர் ஆழ்துளைக் கிணறுகளையும் டேங்கர் லாரிகளையும் நம்பத் தொடங்கியது. கோலார் மாவட்டத்துக் கருங்கல் பூமியில் ஆழம் போகப் போக ஃபுளோரைடு கூடுவது பழைய செய்தி. அண்மை ஆண்டுகளில் யுரேனியமும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் 30 மைக்ரோகிராம் வரம்பைக் கடந்து பல கிராமங்களில் காணப்பட்டிருக்கிறது. 2018 முதல் பெங்களூரின் கோரமங்கலா, சல்லகட்டாப் பள்ளத்தாக்குகளின் கழிவுநீர் இரண்டாம் படிவரை சுத்திகரிக்கப்பட்டு கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்புகிறது. அவ்வாண்டு ஜூலையில் லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கியதும், ஐகோர்ட் அத்திட்டத்தைச் சில காலம் நிறுத்தி வைத்ததும் பத்திரிகை படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். வறண்ட ஏரிகள் நிரம்பியதை விவசாயிகள் வரவேற்கிறார்கள், அவர்களைக் குறைகூற முடியாது. ஆயினும் பெருநகரத்துக் கழிவுநீரில் சோப்புக் கூட்டுப்பொருள்களும் மனிதர் உண்ட மருந்துகளின் எச்சங்களும் வருமென்பது தெரிந்ததே. இவற்றைக் காண ஆர்சனிக் கருவி உதவாது. திரவ நிறப்பிரிகை என்ற வேறொரு வித்தை வேண்டும். பரிசோதனைச் சாலை வளர வேண்டிய திசையை இது காட்டுகிறது. கீழே தமிழ்நாட்டில் இதே பாலாற்றங்கரையில், ராணிப்பேட்டையில் குவிந்துள்ள குரோமியக் கழிவும் தோல் ஷாப்புகளின் நீரும் என்ன செய்தன என்பதும், தோல் ஷாப்புக் கழிவு குறித்த வேலூர் வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று என்பதும் எல்லோரும் அறிந்தவை. அங்கே அளவை வந்து சேர்ந்தபோது கிணறுகள் கெட்டு முடிந்திருந்தன.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். ஏலம் எடுப்பவர் எவராயினும், மண்வெட்டி வைப்பதற்கு முன்னர் ஓராண்டுக் காலம், கோடையிலும், புரட்டாசி ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும், மேடுகளைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் ஓடைகளிலும் ஏரிகளிலும், நீர் நிரம்பி நிற்கும் பழைய ஷாஃப்ட்டுகளிலும் மாதிரிகள் எடுக்கப்பட்டு அளவுகள் பதியப்பட வேண்டும். அடிப்படை அளவு இல்லாமல் வேலை தொடங்கிவிட்டால், பின்னால் எந்தக் கேடு தோன்றினாலும் அது முன்பே இருந்ததென்று ஒரு சாராரும், இப்போதுதான் வந்ததென்று மற்றொரு சாராரும் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருப்பார்கள். பரிசோதனைச் சாலைக்கான பணம் ஏலத் தொகையிலிருந்து ஒதுக்கப்படலாம். ஆனால் அதன் நிர்வாகம் ஏலம் எடுத்தவர் கையில் இருக்கக்கூடாது. அதே மாதிரியின் ஒரு பாகம் பெயரிடாமல் வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, இரண்டு எண்களும் ஒப்புநோக்கப்பட வேண்டும். தங்கவயல் கல்லூரிகளில் ரசாயனமும் பொறியியலும் படிக்கும் பிள்ளைகள், விடியற்கால ரயிலில் நின்றுகொண்டு போகும் தங்கள் அண்ணன்மாரைப் போலன்றி, இங்கேயே ஒரு கௌரவமான தொழிலைக் கற்கட்டும். முடிவுகள் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும், காணும் எல்லையோடு கூடிய எண்களாக, நகரசபை வாசலிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்டப்பட வேண்டும்.

கர்நாடக சர்க்காரும் மத்தியச் சுரங்க மந்திரிசபையும் ஏலப் பத்திரத்தில் இந்த நிபந்தனையைச் சேர்க்க இன்னும் அவகாசம் இருக்கிறது. தங்கவயலின் சட்டசபை உறுப்பினரும், லோக்சபை உறுப்பினரும், கட்சி பேதமின்றி நகரசபை உறுப்பினர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அது பத்திரத்தில் ஏறும்வரையில் மேட்டு மண்ணில் ஒரு கூடைகூட அள்ளப்படுவதற்கு ஊர் மக்கள் சம்மதிக்கலாகாது.